அமெரிக்க கிளையன்ட் வரிப் படிவம் கேட்கிறாரா? ஃப்ரீலான்ஸர்கள் கையெழுத்து போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

டிசைன் ஓகே ஆகிவிட்டது. இன்வாய்ஸும் அனுப்பியாச்சு. டாலர் அக்கவுன்ட்டில் விழ வேண்டியதுதான் பாக்கி என்று இருக்கும்போது, கிளையன்ட்டின் அக்கவுன்ட்ஸ் டீமிடம் இருந்து ஒரு மெயில் வருகிறது. 'இணைத்துள்ள டபிள்யூ-8பென் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்புங்கள். இல்லையென்றால் 30% வரி பிடிக்க வேண்டியிருக்கும்.'

இந்த இடத்தில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். 'அமெரிக்காவுக்கு நாம ஏன் வரி கட்டணும்?' என்று பயந்து மெயிலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அல்லது, பணம் வந்தால் போதும் என்று படிக்காமலேயே கையெழுத்து போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே செலவு வைக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தப் படிவங்கள் வரி கேட்கும் நோட்டீஸ் கிடையாது. நீங்கள் யார், எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள், வேலையை எங்கே உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பதற்கான பதில்தான் அது. பணம் பிடிக்கப்படும் முன் இந்தப் பதிலைச் சொல்வது பத்து நிமிட வேலை. பிடித்த பிறகு திரும்ப வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். சில நேரம் அது திரும்பவே வராது. ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது. இங்கே சொல்லப்படும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961 சட்டத்தின்படியானவை. அதாவது, 2026 மார்ச் 31 வரை வந்த வருமானத்துக்குப் பொருந்துபவை.

உங்க பணம் எந்த வகை?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஏனென்றால், டாலரில் வரும் எல்லாப் பணமும் ஒன்றல்ல.

முதல் வகை, வேலைக்கான கூலி. கோடிங், லோகோ டிசைன், வீடியோ எடிட்டிங், கன்டென்ட் ரைட்டிங், வர்ச்சுவல் அசிஸ்டன்ட் எல்லாம் இதில் வரும். அமெரிக்க வரிச் சட்டத்தைப் பொறுத்தவரை, சேவைக்கான கூலி எந்த நாட்டு வருமானம் என்பதை முடிவு செய்வது வேலை நடந்த இடம். கிளையன்ட் நியூயார்க்கில் இருக்கலாம், பணம் அமெரிக்க வங்கியில் இருந்து வரலாம். நீங்கள் கோவையில் உட்கார்ந்து வேலை செய்தால் அது அமெரிக்க வருமானமே அல்ல. அதில் 30% பிடிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, ராயல்ட்டி. நீங்கள் ஒருமுறை உருவாக்கியதை மற்றவர்கள் பயன்படுத்தும்போதெல்லாம் வரும் பணம். இ-புக், ஸ்டாக் போட்டோ, இசை, யூடியூப் வருமானம் போன்றவை. இங்கே உங்கள் படைப்பு அமெரிக்காவில் பயன்படுத்தப்பட்டால், அந்தப் பகுதி அமெரிக்க வருமானம். சாதாரணமாக 30% பிடிப்பார்கள். ஆனால், 1989-ல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 12-வது பிரிவைக் காட்டினால் இது 15% ஆகக் குறையும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கிளையன்ட் அழைத்தார் என்று அமெரிக்காவுக்கே போய், அங்கே உட்கார்ந்து வேலை செய்தால் அந்த நாள்களுக்கான கூலி அமெரிக்க வருமானம் ஆகிவிடும். அதற்கு விசாவும் வேறு, படிவமும் வேறு. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் டிக்கெட் போடும் முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

டபிள்யூ-8பென்... எந்தக் கட்டத்தில் என்ன எழுதணும்?

தனிநபராக வேலை செய்பவர்களுக்கு டபிள்யூ-8பென். கம்பெனி, எல்.எல்.பி பெயரில் பில் போடுபவர்களுக்கு டபிள்யூ-8பென்-இ. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் இரண்டாவது பல பக்க நீளம். மாற்றிப் பூர்த்தி செய்துவிடாதீர்கள்.

பெயர்: நம்ம ஊர் இனிஷியல் பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும், ஃப்ரீலான்ஸ் தளத்தில் செல்லப் பெயர் இருக்கும். பான் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்ற இடங்களிலும் அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். பெயர் பொருந்தாததால் பேமென்ட் நின்றுபோவது சாதாரணமாக நடக்கும்.

முகவரி: நீங்கள் நிரந்தரமாக வசிக்கும் வீட்டு முகவரி. தபால் பெட்டி எண் கொடுக்கக் கூடாது, 'கேர் ஆஃப்' முகவரியும் கூடாது என்று படிவத்திலேயே இருக்கிறது. நம் ஆதார் முகவரி பெரும்பாலும் அப்பா அல்லது கணவர் பெயருக்கு முன்னால் 'கேர் ஆஃப்' என்றுதான் தொடங்கும். அப்படியே காப்பி, பேஸ்ட் பண்ணாமல், கதவு எண்ணில் இருந்து ஆரம்பியுங்கள்.

வரி எண்: 5-வது வரி அமெரிக்க வரி எண்ணுக்கானது. இல்லையென்றால் காலியாக விடுங்கள். 6ஏ வரியில் உங்கள் பான் எண். சிலர் இதை மாற்றி 5-ல் பான் எண்ணை எழுதிவிடுகிறார்கள்.

பிறந்த தேதி: அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் வரும். 1998 மார்ச் 7 என்றால் 03-07-1998. நம் பழக்கத்தில் 07-03 என்று எழுதினால் ஜூலை 3 ஆகிவிடும்.

ஒப்பந்தச் சலுகை: இது படிவத்தின் இரண்டாம் பகுதி. இந்தியாவில் இருந்தே செய்யும் வேலைக்கான கூலி மட்டும்தான் என்றால், சலுகை கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் அமெரிக்க வருமானமே அல்லவே. ராயல்ட்டி வருகிறது என்றால் 9-வது வரியில் இந்தியா என்று எழுதி, 10-வது வரியில் ஒப்பந்தப் பிரிவு 12, விகிதம் 15%, வருமான வகை ராயல்ட்டி என்று குறிப்பிடுங்கள்.

கையெழுத்து: பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியின் கீழ்தான் நீங்கள் கையெழுத்து போடுகிறீர்கள். அதனால் வேறு யாரையும் பூர்த்தி செய்யச் சொல்லிவிட்டு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து போடாதீர்கள்.

முடித்ததும் படிவத்தை கிளையன்ட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்-க்கு அல்ல. கையெழுத்திட்ட ஆண்டும், அதன்பிறகு மூன்று முழு ஆண்டுகளும் படிவம் செல்லும். 2026 மார்ச்சில் கையெழுத்து போட்டால் 2029 டிசம்பர் 31 வரை. இடையில் நீங்கள் வேறு நாட்டுக்குக் குடிபெயர்வது போல முக்கியமான விவரம் மாறினால், 30 நாள்களுக்குள் தெரிவித்து புதுப் படிவம் கொடுக்க வேண்டும். காலாவதி தேதியை இப்போதே போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

டபிள்யூ-9 அனுப்பிட்டாங்களே?

சின்ன கம்பெனிகளில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. அவர்கள் வேலை கொடுக்கும் எல்லோரும் அமெரிக்கர்கள் என்ற நினைப்பில் டபிள்யூ-9 படிவத்தை அனுப்பிவிடுவார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும், வரி விஷயத்தில் அமெரிக்கவாசியாகக் கருதப்படுபவர்களுக்கும் மட்டும். நீங்கள் அதில் கையெழுத்து போட்டால், 'நான் அமெரிக்க வரி கட்டுபவர்' என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல. 'நான் அமெரிக்கவாசி அல்ல, அதனால் டபிள்யூ-8பென் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி பதில் போட்டு சரியான படிவத்தை இணைத்தாலே போதும்.

யூடியூபர்கள் கவனிக்க!

2021 ஜூன் முதல், அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வரும் யூடியூப் வருமானத்தில் கூகுள் வரி பிடிக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் சேனல் மாதம் 500 டாலர் சம்பாதிக்கிறது. அதில் அமெரிக்கப் பார்வையாளர்களிடம் இருந்து வருவது 60 டாலர் மட்டும்.

வரி விவரமே கொடுக்கவில்லை என்றால், உலகம் முழுவதும் இருந்து வந்த மொத்த வருமானத்தில் 24% வரை பிடிக்கப்படலாம். அதாவது 120 டாலர்.

படிவம் கொடுத்து, ஒப்பந்தச் சலுகை கேட்கவில்லை என்றால் 60 டாலரில் 30%. அதாவது 18 டாலர்.

பான் எண்ணுடன் சலுகையும் கேட்டிருந்தால் 15%. அதாவது 9 டாலர்.

120-க்கும் 9-க்கும் நடுவில் இருப்பது ஆட்சென்ஸ் கணக்கில் சில நிமிடங்கள் செலவழித்து நிரப்பும் ஒரு படிவம்தான். உங்கள் பார்வையாளர்கள் எல்லோரும் தமிழ்நாட்டில் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். விவரம் கொடுக்காதவர்களுக்குத்தான் மொத்தத்திலும் கைவைப்பார்கள்.

படிவம் கொடுத்தும் 30% பிடிப்போம்னு சொன்னா?

சண்டை போட வேண்டாம். அமைதியாக ஒரு மெயில் அனுப்புங்கள். அதில் மூன்று விஷயம் இருக்கட்டும். நான் இந்தியவாசி. எல்லா வேலையும் இந்தியாவில் இருந்தே செய்யப்பட்டது. அமெரிக்க வரிச் சட்டத்தின் 861, 862 பிரிவுகளின்படி சேவைக்கான கூலி, வேலை நடந்த நாட்டின் வருமானம். இவ்வளவுதான். பெரும்பாலான அக்கவுன்ட்ஸ் டீம்களுக்கு இந்த விளக்கம் போதும்.

இதைவிட நல்ல வழி, பிரச்னை வரும் முன்பே தடுப்பது. ஒவ்வொரு இன்வாய்ஸிலும் கீழே 'எல்லா சேவைகளும் இந்தியாவில் இருந்து வழங்கப்பட்டன' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தத்திலும் வேலை நடக்கும் இடத்தைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பிடித்துவிட்டார்களா? உடனே கேளுங்கள். தவறுதலாகப் பிடித்த தொகையை, அடுத்த ஆண்டு மார்ச் மாதத்துக்குள் கிளையன்ட்டே சரிசெய்துகொள்ள அமெரிக்க விதிகளில் வழி இருக்கிறது. அந்தக் காலம் தாண்டிவிட்டால், நீங்களே அமெரிக்க வரி எண்ணுக்கு விண்ணப்பித்து, 1040-என்.ஆர் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் ரீஃபண்ட் கேட்க வேண்டும். 200 டாலருக்காக அவ்வளவு தூரம் போக யாருக்கும் மனசு வராது. அதனால்தான் முதலிலேயே சரியாகச் செய்வது முக்கியம்.

மத்த நாட்டு கிளையன்ட்கள்?

கனடா கிளையன்ட் 15% பிடிப்பதாகச் சொன்னால், அந்த விதி கனடாவுக்குள் நடந்த வேலைக்குத்தான் என்று சொல்லுங்கள். ஐரோப்பிய நாடுகளில் உள்ள கம்பெனிகளுக்கு பில் போடும்போது, அங்கே வாட் வரியை 'ரிவர்ஸ் சார்ஜ்' முறையில் வாங்குபவரே கணக்கு காட்டிக்கொள்வார். நீங்கள் உங்கள் இன்வாய்ஸில் வாட் சேர்க்க வேண்டியதில்லை. அந்த வார்த்தையை மட்டும் இன்வாய்ஸில் குறிப்பிடச் சொல்வார்கள்.

சில நாட்டு கிளையன்ட்கள் டி.ஆர்.சி கேட்பார்கள். 'இவர் இந்தியாவில் வரி கட்டுபவர்' என்று நம் வருமான வரித்துறையே கொடுக்கும் சான்றிதழ் அது. ஃபார்ம் 10எஃப்.ஏ-வில் உங்கள் வருமான வரி அதிகாரிக்கு விண்ணப்பித்தால், ஃபார்ம் 10எஃப்.பி-யில் சான்றிதழ் கிடைக்கும். உங்கள் அதிகாரி யார் என்பதை வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கைக்கு வர நாளாகலாம், அதனால் கிளையன்ட் கேட்ட பிறகு ஓடாமல் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ஃபார்ம் 10எஃப் என்று ஒன்று இருக்கிறது. அது இந்தியாவில் வருமானம் பெறும் வெளிநாட்டவர்களுக்கானது, உங்களுக்கு அல்ல.

இந்தியாவுக்கு 90-க்கும் மேற்பட்ட நாடுகளுடன் வரி ஒப்பந்தம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் விகிதம் வேறு. அமெரிக்காவின் 15%-ஐ மற்ற நாட்டுக்கும் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

அங்கே பிடித்த வரி, இங்கே கழியுமா?

கழியும். ராயல்ட்டியில் சரியாகப் பிடிக்கப்பட்ட 15%-ஐ இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஆதாரம் 1042-எஸ் என்ற அமெரிக்கச் சான்று. முந்தைய காலண்டர் ஆண்டுக்கானதை மார்ச் நடுவில் கொடுப்பார்கள். நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதால், மாதவாரியாகப் பிரித்துக் கணக்கு வைத்தால்தான் பொருந்தும்.

பிறகு ஃபார்ம் 67-ஐ வருமான வரி இணையதளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 2025-26 வருமானத்துக்கு இதற்கான கடைசி நாள் 2027 மார்ச் 31. ஆனால், ரிட்டர்னையும் உரிய காலத்துக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ரிட்டர்னோடு சேர்த்தே முடித்துவிடுவது நல்லது. இன்னொரு விஷயம், எளிதாக இருக்கிறதே என்று ஐ.டி.ஆர்-4 போட்டால் இந்தச் சலுகையைக் கேட்க அதில் இடமே இருக்காது. தொழில் வருமானம் உள்ளவர்கள் ஐ.டி.ஆர்-3 போட வேண்டும்.

இப்போது முன்னால் சொன்ன 'திரும்பவே வராது' விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டில் கட்டிய வரி, அந்த வருமானத்துக்கு இங்கே கட்ட வேண்டிய வரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கழியும். 2025-26-ல் புதிய வரி முறையில் சம்பாத்தியம் 12 லட்ச ரூபாய் வரை இருந்தால், தள்ளுபடி போக வரி பூஜ்யம். இங்கே வரியே இல்லாதபோது எதில் கழிப்பது? அங்கே போன 15% போனதுதான். இந்திய அரசு அதை ரீஃபண்டாகத் தராது. அதாவது, குறைவாகச் சம்பாதிக்கும் புதியவர்களுக்குத்தான் தப்பான படிவத்தால் உண்மையான நஷ்டம் அதிகம். 30% போகவேண்டிய இடத்தில் 15% போவது அவர்களுக்கு அப்படியே கையில் நிற்கும் காசு.

இந்தியாவில் செய்த வேலைக்குத் தப்பாகப் பிடித்த வரி என்றால் இன்னும் சிக்கல். 'அது அமெரிக்க வருமானமே இல்லையே, பிறகு எதற்கு சலுகை?' என்று இங்கே கேள்வி எழ இடம் உண்டு. 

நம்ம ஊர் கணக்கு

வெளிநாட்டுப் படிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. டாலரில் வந்தாலும் அது இந்தியாவில் வரிக்கு உட்பட்ட வருமானம்தான்.

ஐ.டி, இன்ஜினீயரிங், கட்டடக்கலை, இன்டீரியர் டிசைன், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு 44ஏடிஏ பிரிவு உண்டு. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், செலவு பில்களை நிரூபிக்க வேண்டாம். வரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5%-க்குள் இருந்தால் 75 லட்சம். எல்லா ஃப்ரீலான்ஸ் வேலையும் இந்தப் பட்டியலில் வராது. உங்கள் வேலை வருமா என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த முறையில் இருப்பவர்கள், ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வந்தால், முழு அட்வான்ஸ் டாக்ஸையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும்.

ஜி.எஸ்.டி: தமிழ்நாட்டில் சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிநாட்டு வரவும் இந்த 20 லட்சத்தில் சேரும். 'எக்ஸ்போர்ட்டுக்குத்தான் வரி இல்லையே' என்று பதிவு செய்யாமல் விடுவது தப்பு. ஏற்றுமதிக்கு விகிதம் பூஜ்யம்தான், ஆனால் அதற்கு ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி என்ற உறுதிமொழியை ஆன்லைனில் கொடுக்க வேண்டும். மறந்தால், முதலில் வரியைக் கட்டிவிட்டு பிறகு ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டியதுதான்.

பணம் வந்த ஆதாரம்: ஒவ்வொரு வெளிநாட்டு வரவுக்கும் வங்கியிடமோ, பேமென்ட் தளத்திடமோ எஃப்.ஐ.ஆர்.ஏ என்ற வரவுச் சான்றை டவுன்லோடு செய்துவிடுங்கள். அதில் உள்ள பர்ப்பஸ் கோடு உங்கள் வேலைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சாஃப்ட்வேர் ஆலோசனை என்றால் பி0802. வீட்டுச் செலவுக்கு அனுப்பிய பணம் என்று தவறாகப் பதிவானால், நாளை அது ஏற்றுமதி வருமானம் என்று நிரூபிப்பது கஷ்டம்.

போலி மெயில் உஷார்!

டபிள்யூ-8பென் பெயரிலேயே மோசடி மெயில்களும் வருகின்றன. ஐ.ஆர்.எஸ்-ஸே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. அடையாளம் காண்பது எளிது. உண்மையான படிவத்தில் வங்கிக் கணக்கு எண், பின் நம்பர், பாஸ்வேர்டு, பாஸ்போர்ட் எண், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எதற்கும் இடம் கிடையாது. இதில் ஏதாவது கேட்டால் அது போலி. ஐ.ஆர்.எஸ் பெயரில் நேராக உங்களுக்கு மெயில் வந்தாலும் நம்பாதீர்கள். இந்தப் படிவத்தைக் கேட்பவர் எப்போதும் பணம் தருபவர்தான். வெற்றுப் படிவத்தையும் ஐ.ஆர்.எஸ் இணையதளத்தில் இருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.

போனில் ஒரு போல்டர் போடுங்க

ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு போல்டர். அதில் இவையெல்லாம் இருக்கட்டும்:

* ஒப்பந்தம் அல்லது வேலையை உறுதி செய்த மெயில்

* வேலை நடந்த இடம் குறிப்பிட்ட இன்வாய்ஸ்கள்

* கையெழுத்திட்ட டபிள்யூ-8பென் நகல், காலாவதி தேதியுடன்

* ஒவ்வொரு பேமென்ட்டுக்குமான எஃப்.ஐ.ஆர்.ஏ

* வரி பிடித்திருந்தால் 1042-எஸ் அல்லது அந்த நாட்டுச் சான்று

* ஜி.எஸ்.டி பதிவு இருந்தால் அந்த ஆண்டின் எல்.யு.டி

ஜூலையில் ஆடிட்டர் முன்னால் உட்காரும்போது இந்த ஒரு போல்டரை ஷேர் செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நீங்கள் வேலை செய்யும் ஒவ்வொரு தளத்திலும் 'டாக்ஸ் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் நிரப்புங்கள். ஏற்கெனவே நிரப்பியது என்றால், பெயரும் பான் எண்ணும் சரியா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். அடுத்த பேமென்ட் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.